ஐப்பசி அமாவாசைப் பாடு

எங்கள் நைனா ஒரு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்தவர் என்று சொன்னால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூட என்னை ஏற இறங்கப் பார்ப்பார். என் காலைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், மடியில் இருக்கும் பையைப் பார்ப்பார். எம்.எல்.ஏ. பெண்ணா இப்படி என்று அவர் மனசுக்குள் ஓடுவது எனக்குத் தெரியும். அதனால் இப்போதெல்லாம் சொல்வதில்லை. யாராவது கேட்டால், அவர் மீன் பிடிக்கிற ஆள் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அதுவும் முழுப் பொய். நைனாவுக்கு வலை போடவே சரியாகத் தெரியாது.

பழவேற்காட்டில் படகு ஏறினால்தான் போய்ச் சேர முடிகிற ஊர் எங்களுடையது. அங்கிருந்து மீசை முளைக்கும் முன்பே மெட்ராஸ் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனவர் அவர். வெள்ளைக்காரன் கிளம்பிக்கொண்டிருந்த காலம். மேஸ்திரி அடிப்பான், திருப்பிக் கேட்டால் மறுநாள் வேலை கிடையாது. நைனா திருப்பிக் கேட்டார். சங்கத்தில் சேர்ந்தார். அவருக்குப் பேச்சு வந்தது, மற்றவர்களுக்கு அது பிடித்தது. அடி வாங்கினார், ஜெயிலுக்குப் போனார், வந்தார், திரும்பவும் போனார். சங்கத்துக்குத் தலைவரானார். கட்சி சீட்டுக் கொடுத்தது. துறைமுகத்து ஜனம் ஓட்டுப் போட்டு அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது. அடுத்த தேர்தலில் தோற்றார். அதற்கடுத்ததில் டெபாசிட்டும் போனது.

இதெல்லாம் நடந்தபோது அம்மா ஊரிலேயே இருந்தாள். என்னையும் வளர்த்துக்கொண்டு, காட்டூருக்கும் அனுப்பம்பட்டுக்கும் மீன் கூடை சுமந்தாள். எம்.எல்.ஏ. பொண்டாட்டி கூடை தூக்குறாளே என்று யாரோ வாய்விட்டுக் கேட்டார்களாம்.

“கூடைக்குத் தெரியுமா, நான் யாரு பொண்டாட்டின்னு?” என்றாளாம் அம்மா.

நைனா மாதத்துக்கு ஒரு தரம் வெள்ளைச் சட்டையோடு படகில் வந்து இறங்குவார். வாசலில் மனு கொடுக்கிறவர்கள் கூட்டம் கூடிவிடும். எங்களிடம் பேச அவருக்கு நேரம் இருக்காது. நாங்களும் கூட்டத்தோடு சேர்ந்து நின்று அவரை வேடிக்கை பார்ப்போம்.

எமர்ஜென்சியில் பிடித்துக்கொண்டு போனவரை வெளியே விட்டபோது நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. நாலு வார்த்தை பேசினால் இருமல் வந்துவிடும். துறைமுகத்துச் சங்கம் அதற்குள் வேறு கைக்குப் போயிருந்தது. போகப் போக அங்கே உட்கார நாற்காலி போடுவதுகூட நின்றுவிட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். எனக்கு அப்போது கல்யாணம் ஆகி அதே ஊரில், அடுத்த தெருவில் குடித்தனம்.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே நான் சொல்வது புரியாது. ஏரியில் எங்கே வேண்டுமானாலும் வலை போட்டு இறால் அள்ளிவிட முடியாது. தண்ணீர் கடலுக்குப் போகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் சில இடங்களில்தான் இறால் ஓடும். எல்லோரும் ஒரே நாளில் அங்கே போய் நின்றால் வெட்டுக் குத்துதான். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை கோயில் முன்னால் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கும். எந்த நாள் யாருக்கு என்று அதில் முடிவாகும். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. கல்யாணமான ஆம்பளைக்கு மட்டும்தான் சீட்டில் பேர். உன் நாளில் உடம்பு சரியில்லை, வலை கிழிந்துவிட்டது, மாமியார் செத்துவிட்டாள், எதுவாக இருந்தாலும் அந்த நாள் போனது போனதுதான். மாற்றிக் கொடு என்று கேட்கிற பேச்சே கிடையாது.

எத்தனையோ வருஷம் வெளியூரில் இருந்தவர் என்றாலும், மரியாதைக்காக நைனா பேரையும் ஊர் சீட்டில் சேர்த்தது. அவருடைய நாளில் வலை போட்டது என் புருஷன். வந்ததை இரண்டு வீடும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

என் புருஷன் அதிகம் பேசாத ஆள். யாராவது திட்டினால்கூடச் சிரித்துவிட்டுப் போவார், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவருக்கென்று ஒரே ஒரு ஆசை இருந்தது. சொந்தப் படகு. பிறந்ததிலிருந்து அடுத்தவன் படகிலேயே நின்று வலை போட்ட மனிதர். எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு வருஷம் சீட்டில் அவருக்கு ஐப்பசி அமாவாசை விழுந்தது. மழை விழுந்து ஏரி கலங்கி, அமாவாசை வெள்ளத்தோடு இறால் கூட்டம் கூட்டமாகக் கடலுக்குப் போகிற நாள் அது. ஆயுசுக்கு ஒரு தடவை அந்த நாள் கிடைத்தால் பெரிய விஷயம். சீட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அன்றைக்கே படகு தச்சரிடம் போய்ப் பேசிவிட்டும் வந்தார்.

அந்த வருஷம்தான் நைனா ஊரில் சங்கம் வைத்தார். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கம்பெனிகளுக்காக இறால் வாங்குகிற ஏஜெண்டுகள் அடித்த கொள்ளை அப்படி. கூடையை எடை போட்டதும் ஐஸ் கழிவு என்று ஒரு பங்கைத் தள்ளிவிடுவார்கள். ஐஸ் போடுவதே அவர்கள்தான், அதுவும் எடை போட்ட பிறகு. எங்கள் கூடையில் ஏது ஐஸ்? இதை ஒருத்தரும் வாய் திறந்து கேட்டதில்லை. நைனா கேட்டார். கரையில் நின்று ஏஜெண்டு முகத்துக்கு நேரே கேட்டார். இருமலுக்கு நடுவே அந்தப் பழைய குரல் வந்தது. ஊரே கூடிவிட்டது. பொய் சொல்லக்கூடாது, எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஏஜெண்டு மசியவில்லை. கழிவை எடுக்கிறவரை யாரும் வலை போடுவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் நைனா தீர்மானம் போட்டார். எந்த நாளில் தொடங்குவது என்றும் அவரே சொன்னார். ஐப்பசி அமாவாசைக்கு முதல் நாள்.

“கம்பெனிக்காரன் லாரியை நிறுத்திக்கினு எதுக்குக் காத்துக்கினு கீறான்? அந்த இறாலுக்குத்தான். அப்ப அடிச்சாத்தான் அவனுக்கு வலிக்கும்” என்றார்.

சங்கத்துக்காரர் கணக்கில் அது சரிதான். சாயங்காலம் என் புருஷன் நைனாவைப் பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன்.

“மாமா, அன்னிக்கு எம் பாடு.”

“தெரியும்பா. போராட்டம் முடியட்டும், வேற நாள் வாங்கித் தர்றேன். ஹார்பர்ல ஷிஃப்ட் மாத்திக்கலையா? அது மாதிரிதான்.”

“பாடு மாறாது மாமா.”

“பேசுனா மாறும். எதுதான் மாறல?”

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் அதை நம்பித்தான் சொன்னார். ஏமாற்றுகிறவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

துறைமுகத்தில் வேலை நிறுத்தம் என்றால் எல்லாருக்கும் அன்றைய கூலி போகும். இருப்பவனும் இல்லாதவனும் சேர்ந்து பட்டினி கிடப்பார்கள், அதனால் கட்டுக்கோப்பாக நிற்பார்கள். எங்கள் ஊரில் அப்படி இல்லை. அந்த நாட்களில் யாருக்குப் பாடு விழுந்திருந்ததோ அவர்களுக்கு மட்டும்தான் நஷ்டம். மற்றவர்களுக்கு எப்படியும் அன்றைக்கு வலை போடுகிற முறை கிடையாது. அவர்கள் கரையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு போராட்டம் வாழ்க என்று கத்தினார்கள். கத்துவதற்கு என்ன செலவு? மெட்ராஸிலேயே ஆயுசைக் கழித்த மனிதருக்கு இது தோன்றவே இல்லை. ஊர்ப் பெரியவர்களுக்குத் தோன்றியிருக்கும். அவர்கள் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல இருந்துவிட்டார்கள்.

அமாவாசை வந்தது, போனது. மறுநாள் காலையில் என் புருஷன் நனையாத வலையை எடுத்து உதறினார், வெயிலில் போட்டார், திரும்ப மடித்தார். அதைச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. நான் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தேன், குடித்தார். இந்தத் தடவை இறால் ஓட்டம் எப்படி என்று பேச வந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

சில நாளில் ஏஜெண்டுகள் வழிக்கு வந்தார்கள். ஐஸ் கழிவு ஒழிந்தது. இன்றைக்கும் அந்தக் கரையில் ஐஸ் கழிவு என்ற பேச்சு இல்லை. அது நைனா செய்தது, அதை யாரும் மறுக்க முடியாது. பட்டாசு வெடித்தார்கள். மாலை போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கினவர்களில் என் புருஷனும் ஒருவர்.

அதற்குப் பிறகு, நாள் பறிகொடுத்தவர்களுக்கு வேறு நாள் வேண்டும் என்று நைனா ஊர்க்கூட்டத்தில் கேட்டார். ஊர்த் தலைவர் அவருக்குச் சின்ன வயசுக் கூட்டாளி. நயமாகத்தான் பதில் சொன்னார்.

“ஆத்தா முன்னாடி எடுத்த சீட்டுண்ணே. யாரு நாளைப் புடுங்கி யாருக்குத் தர்றது? நீயே சொல்லு.”

நைனா கூட்டத்தைப் பார்த்தார். தோளில் தூக்கியவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள். ஒரு பகல் முழுக்கப் பேசினார். ஒற்றுமை என்றார், தியாகம் என்றார், கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி பேசினார். ஒருத்தனும் தன் நாளை விட்டுக் கொடுக்கவில்லை.

கடைசியில் தன்னுடைய நாளைக் கொடுப்பதாக எழுந்து சொன்னார். கார்த்திகையில் அவருக்கு ஒரு பாடு இருந்தது. அமாவாசை அளவுக்கு இல்லையென்றாலும் நல்ல நாள். பறிகொடுத்தவர்கள் பேரைப் போட்டுச் சீட்டு எடுப்போம், வருகிறவனுக்கு என் நாள் என்றார். எனக்கு உயிர் வந்தது. பாதிப் படகாவது தேறும் என்று நினைத்தேன். சீட்டு எழுதும்போதுதான் தெரிந்தது, என் புருஷன் பேர் அதில் இல்லை.

நைனா வீட்டுக்கு ஓடினேன்.

“இன்னா நைனா இது? அவுரு பறிகுடுக்கலையா? அமாவாசையே அவுருதுதானே?”

“மருமகன் பேரு சீட்டுல இருந்து, அதுவே வந்துதுன்னா ஊரு இன்னா சொல்லும்?”

“வரலன்னா ஒண்ணும் சொல்லாது இல்ல. பேரைப் போடுறதுக்கு இன்னா?”

“வந்துட்டா சங்கம் போச்சும்மா. கழிவை எடுத்ததுகூட எம் மருமகனுக்குத்தான்னு பேசுவானுங்க.”

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அந்த நாளில் வருவதுதான் அவர்கள் இரண்டு பேருக்கும் அடுத்த சில மாதச் சாப்பாடு. அவள் அதைச் சொல்லவில்லை. “பேசுறவன் வந்து சோறு போடுவானா, கேளு” என்றாள் என்னிடம். நைனாவிடம் நேரே பேசுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

சீட்டு வேறு யாருக்கோ விழுந்தது. நல்ல மனிதர்தான், நாலு பிள்ளை. படகுக்காக என் புருஷன் வைத்திருந்த பேச்சு அதோடு நின்றது. கார்த்திகை பிறந்ததும் காசிமேட்டுக்குப் போனார், விசைப்படகில் கூலிக்கு. கடலுக்குப் போகாதே, உனக்கு ஏரிதான் பழக்கம் என்று தலை தலையாய் அடித்துக்கொண்டேன். “கொஞ்ச நாள்தான்டி. படகுக்குச் சேந்ததும் வந்துடுவேன்” என்றார். சிரித்தார். அந்த மாதமே புயல் அடித்தது. படகு கவிழ்ந்ததில் இரண்டு பேரை இழுத்துப் போட்டார்கள். அவர் அதில் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை. திரும்பி வந்துவிடுவார் என்று நாங்கள் எவ்வளவு நாள் காத்திருந்தோம், எப்போது என் தாலியை எடுத்தார்கள் என்பதை எல்லாம் எழுத எனக்கு மனசு வரவில்லை. என் பெண்ணுக்கு அப்போது பேச்சுகூடத் திருந்தவில்லை.

நைனா வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சினாலேயே பிழைத்த மனிதர்.

அடுத்த வருஷச் சீட்டு வந்தது. ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது. பையன் இருந்தால் அவனுக்குக் கல்யாணம் ஆகிறவரை காத்திருக்கலாம். எனக்கு இருந்தது பெண். கணவனை இழந்த பெண்கள் ஊரில் இன்னும் சிலர் இருந்தார்கள், எல்லோருக்கும் இதே கதிதான். கூட்டத்தில் பெண்கள் உட்காரக்கூடாது. வலை காயப்போடுகிற மேட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். நைனா எழுந்தார். ஆம்பளை போன வீட்டுக்கும் பாடு உண்டு என்று ஊர் தீர்மானம் போட வேண்டும், கூலிக்கு ஆள் வைத்து அந்தப் பெண்கள் வலை போட்டுக்கொள்வார்கள் என்றார். நியாயமான பேச்சு. இருமி இருமிப் பேசினார். பக்கத்தில் நின்ற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தில் சலசலப்பு. தலைவர் கையைக் காட்டி அடக்கினார்.

“அண்ணே, வழக்கத்தை மாத்த முடியாது. ஆனா உம் பொண்ணு சங்கதி வேற. உன்னால இந்த ஊருக்கு நல்லது நடந்திருக்குது, அந்தப் புள்ளை அதுல பறிகுடுத்துது. அதுக்கு மட்டும்னு கேளு, ஊரு குடுக்கும். யாரும் குறுக்க பேச மாட்டாங்க.”

யாரும் குறுக்கே பேசவில்லை. மேட்டிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் போனேன். என் ஆயுசில் அங்கே கால் வைத்தது அந்த ஒரு தடவைதான்.

“குடுங்க சித்தப்பா. எனக்குக் குடுங்க” என்றேன்.

தலைவர் என்னைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்ப்பது முறையில்லை. நைனாவைப் பார்த்தார். “வீட்டு ஆம்பளை வாயால கேக்கணும். கேளுண்ணே.”

நைனா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த தவிப்பை நான் பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. பிறகு மேட்டில் நின்ற மற்ற பெண்களைப் பார்த்தார்.

“எல்லாப் பொம்பளைக்கும்னா வாங்கிக்கிறேன். எம் பொண்ணுக்கு மட்டும்னா வேணாம்.”

“நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு.”

“பண்ணிட்டேன்பா.”

தலைவர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். யாரோ ஒரு கிழவர், வீட்டுக்குப் போம்மா என்றார். போனேன்.

அதற்குப் பிறகு நான் நைனாவிடம் பேசவில்லை. பழவேற்காட்டில் ஏஜெண்டு கொட்டகையில் இறால் தலை கிள்ளுகிற வேலைக்குச் சேர்ந்தேன். ஐஸ் தண்ணியில் விரல் வெளுத்து, இறால் முள் குத்திக் குத்திச் சீழ் வைக்கும். அங்கேயும் விட்டாரா? ஒரு நாள் கொட்டகை வாசலில் வந்து நின்று, தலை கிள்ளுகிற பெண்களுக்குச் சங்கம் வேண்டும் என்று பேசினார். அன்றைக்கே ஏஜெண்டு முதலில் வெளியே அனுப்பியது என்னைத்தான். சங்கத் தலைவர் பொண்ணாச்சே. ஆரம்பாக்கம் பக்கம் போய் வேறு கொட்டகை தேடினேன். அங்கே நான் யார் பெண் என்று யாருக்கும் சொல்லவில்லை.

ஊரிலிருந்த மற்ற பெண்கள் மட்டும் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வார்கள். “எங்களுக்காகப் பேசுன ஒரே மனுசன்டி உங்க நைனா” என்பார்கள். அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவரைத் தெய்வமாக நினைத்தார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வருவேன். அவர்களிடம் போய் என்ன சண்டை போடுவது?

எண்பதுகள் முடிவதற்குள் நைனாவுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் படகில் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். எனக்குச் சொல்லி அனுப்பி நான் வந்து சேர்ந்தபோது கட்சிக்காரர்கள் மெட்ராஸிலிருந்து வந்திருந்தார்கள். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதவர்கள், படகு படகாக வந்தார்கள். கொடி போர்த்தினார்கள். ஒலிபெருக்கி கட்டினார்கள். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, எனக்கும் வரவில்லை. மேட்டில் நின்ற அந்தப் பெண்கள்தான் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

அடக்கம் முடிந்ததும் கரையிலேயே இரங்கல் கூட்டம் வைத்தார்கள். எங்களை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். கடைசியாகப் பேசியவர் பெரிய தலைவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பதவியில் இருந்தபோதும் இல்லாதபோதும் தன் குடும்பத்துக்கென்று ஒரு துரும்பைக்கூட எடுத்துக்கொள்ளாத உத்தமர் என்று குரலை உயர்த்தினார். இரங்கல் கூட்டத்தில் கை தட்டக் கூடாது. ஆனால் பழக்கம் யாரை விட்டது? கூட்டம் மொத்தமும் கை தட்டியது. ஊர்த் தலைவரும் தட்டினார். காற்று எதிரே வீசியதால் ஒலிபெருக்கியில் சொன்னது அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

“இன்னாடி சொல்றாரு?” என்றாள்.

“நைனா நமக்கு எதுவும் குடுக்கலயாம்.”

அம்மா திரும்பி, பின்னால் உட்கார்ந்திருந்த கூட்டத்தை ஒரு தரம் முழுசாகப் பார்த்தாள். இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அதுக்கா கை தட்றாங்க?” என்றாள்.